காடு வளரவா, காடு வளரட்டுமா? துஷான் சட்டத்தில் ஒரு சிறு சொல்லைக் குறியிட்ட அனுபவம்

பின்னணி

செர்பியப் பேரரசர் ஸ்தெஃபான் துஷான் 1349 மே 21 அன்று ஸ்கோப்யே நகரில் கூடிய அவையில் ஒரு சட்டத்தொகுப்பை வெளியிட்டார். 1354இல் செரெஸ் நகரில் அதோடு இன்னும் சில பிரிவுகள் சேர்ந்தன. இரண்டையும் சேர்த்தால் ஏறத்தாழ 200 பிரிவுகள். மூல ஏடு இன்று இல்லை. பின்னால் எடுத்த படிகள்தான் இருக்கின்றன. அவற்றில் மிகப் பழையது ஸ்த்ரூகா படி, 1373ஐ ஒட்டியது. பிரிஸ்ரென் படியை அடிப்படையாக வைத்து ஸ்தொயான் நொவாகொவிச் 1898இல் ஒரு பதிப்பு கொண்டுவந்தார். எங்கள் கையில் இருந்தது அவருடைய எண் வரிசையைப் பின்பற்றி, இன்றைய எழுத்திலும் இன்றைய நிறுத்தற்குறியோடும் அச்சிட்ட ஒரு வகுப்பறைப் பாடம். இந்தக் கடைசி விவரம் சாதாரணமாகத் தெரியும். பின்னால் நாங்கள் தடுக்கி விழுந்ததே அதில்தான்.

மூன்று பேர் வேலை செய்தோம். ஒருவர் ஓய்வு பெற்ற பழஞ்செர்பிய மொழி ஆசிரியை. இன்னொருவர் சட்ட வரலாறு படிக்கும் மாணவர். மூன்றாவது ஆள் நான். குழுவில் செர்பியம் தாய்மொழியாக இல்லாதவன் நான் ஒருவன்தான். எக்செல் கோப்பைப் பராமரிப்பதும், இருவர் இட்ட குறிகளை ஒப்பிடுவதும் என் பொறுப்பு.

வேலையைத் தொடங்கி வைத்தது மாணவரின் ஒரு கேள்வி. இந்தச் சட்டம் பெரும்பாலும் ‘இது செய், இது செய்யாதே, செய்தால் இவ்வளவு தண்டம்’ என்று போய்க்கொண்டே இருக்கிறது. ஏன் என்று அது தானாகச் சொல்லும் இடங்கள் எவை? ‘இன்னது நடக்கும்படி இன்னதைச் செய்க’ என்று வரும் நோக்கத் தொடர்களைப் பொறுக்கி எடுத்தால் அந்த இடங்கள் தானாகத் தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. கேட்டபோது எங்களுக்கும் எளிய வேலையாகவே பட்டது.

அந்தச் சொல்

சிக்கல் முழுவதும் ‘தா’ என்ற ஓரசைச் சொல்லில் இருக்கிறது. தமிழ் எழுத்தில் பார்த்தால் ‘கொடு’ என்று படிக்கத் தோன்றும், ஆனால் இரண்டுக்கும் தொடர்பில்லை. ‘தர்மம்’ என்று பேச்சில் சொல்லும்போது வரும் மெல்லிய தகரம் இது.

இன்றைய செர்பியத்தில் இந்தத் ‘தா’ பல வேலை பார்க்கிறது. ‘ஹொச்சு தா இதெம்’ என்றால் ‘போக விரும்புகிறேன்’. இங்கே ‘தா’வோடு வரும் வினை விருப்பத்தின் உள்ளடக்கம். ‘தோஷாவோ யே தா ராதி’ என்றால் ‘வேலை செய்ய வந்தான்’. இங்கே அது நோக்கம். செர்பிய இலக்கணத்தில் இதற்கு ‘நமேர்னா’ தொடர் என்று பெயர், ‘நமேரா’ என்றால் எண்ணம், நோக்கம். பக்கத்துக் குரோவாசியர்கள் பல இடங்களில் எச்ச வினையை வைத்து ‘போக’ என்பதுபோலச் சொல்வதை, செர்பியர்கள் ‘தா’வோடு முற்றுவினையாகவே சொல்லிவிடுகிறார்கள். கிரேக்கம், பல்கேரியம், மாசிடோனியம் என்று பால்கன் மொழிகள் பலவும் எச்ச வினையைக் கைவிட்டு இப்படிப் போனவைதான்.

துஷான் சட்டத்தில் ‘தா’வுக்கு வேறொரு வேலையும் உண்டு. சொல்லப்போனால் அங்கே அதுதான் முதல் வேலை. அது ஆணை. 172ஆம் பிரிவு, ‘எல்லா நீதிபதிகளும் சட்டத்தொகுப்பின்படி நேர்மையாகத் தீர்ப்பளிக்கட்டும், என் பேரரசின் அச்சத்தால் தீர்ப்பளிக்காதிருக்கட்டும்’ என்கிறது. அந்த இரண்டு ‘அட்டும்’களுக்கும் மூலத்தில் இருப்பது ‘தா’. 151ஆம் பிரிவு நடுவர்களைப் பற்றியது. பெரிய வழக்குக்கு 24 பேர், அதைவிடச் சிறியதற்கு 12, சின்ன வழக்குக்கு 6. அங்கும் ‘இருக்கட்டும்’ என்பதற்கு ‘தா’. ஒரு பிரிவைத் திறந்தால் ‘தா’, மூடினால் ‘தா’. ஆணைக்கும் நோக்கத்துக்கும் ஒரே சொல் என்றால், ஆணைகள் மட்டுமே நிறைந்த ஒரு நூலில் நோக்கத்தை எப்படிப் பிரித்தெடுப்பது?

தொடங்கும்போது இந்தக் கேள்வியை எங்களில் யாருமே கேட்கவில்லை.

முதல் சுற்றில் கண்டது

தேர்ந்தெடுத்த பிரிவுகளை மாணவரும் ஆசிரியையும் தனித்தனியாகக் குறியிட்டார்கள். ஒருவர் இட்டதை மற்றவர் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு ‘தா’வுக்கும் ‘ஆணை’, ‘நோக்கம்’, ‘உள்ளடக்கம்’ ஆகிய மூன்றில் ஒன்று.

இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இருவரும் வேறு வேறு நூலைப் படித்தார்களோ என்று இருந்தது. ஒரு ‘தா’ தொடருக்குப் பின் இன்னொரு ‘தா’ தொடர் வந்தால், மாணவர் பெரும்பாலும் இரண்டாவதை நோக்கம் என்று குறித்திருந்தார். ஆசிரியை நோக்கம் என்று குறித்த இடங்கள் சொற்பம். அவர் பார்வையில் கிட்டத்தட்ட எல்லாமே ஆணை, வரிசையாக அடுக்கிய ஆணை.

மாணவரிடம் எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன். இரண்டு வழி சொன்னார். ஒன்று, முன்னால் காற்புள்ளி இருந்தால் அது தனி ஆணை, இல்லையென்றால் முன்வினையைச் சார்ந்த நோக்கம். மற்றொன்று, ‘தா’வை எடுத்துவிட்டு இன்றைய அலுவலக நடையில் நோக்கத்துக்கு வரும் ‘காகோ பி’யைப் போட்டுப் பார்ப்பது. வாக்கியம் ஓடினால் நோக்கம்.

ஆசிரியை இரண்டையும் ஒரே மூச்சில் தள்ளிவிட்டார். காற்புள்ளி பதிப்பாசிரியர் போட்டது. பழைய படிகளில் இன்றைய இலக்கணத்தைக் காட்டும் காற்புள்ளி கிடையாது. அங்கங்கே புள்ளிகள் இருக்கும், அவை வேறு கணக்கு. அப்படியானால் நாம் 14ஆம் நூற்றாண்டைப் படிக்கவில்லை, பதிப்பாசிரியரின் தீர்மானத்தைத் திரும்பக் குறித்துக்கொண்டிருக்கிறோம். ‘காகோ பி’ சோதனையும் இன்றைய காது எதை ஏற்கும் என்பதை மட்டுமே காட்டும், எழுதியவர் என்ன நினைத்தார் என்பதை அல்ல. கொஞ்சம் வளைத்தால் அந்தச் சோதனையில் எதுவும் தேறிவிடும்.

அவர் சொன்னதை ஒத்துக்கொண்டோம். ஆனால் அவருடைய குறியீட்டிலும் ஒரு தொல்லை இருந்தது. எல்லாமே ஆணை என்றால், சட்டம் தன் நோக்கத்தை எங்குமே சொல்லவில்லை என்று ஆகிவிடும். அதுவும் உண்மையாகப் படவில்லை.

7ஆம் பிரிவு: எளிய இடம்

முதலில் கருத்து வேறுபாடு இல்லாத ஓர் இடத்தை எடுத்துக்கொண்டோம். லத்தீன் மதத்துக்கு, அதாவது கத்தோலிக்கத்துக்குப் போனவர்களைத் திரும்ப அழைப்பது பற்றிய 7ஆம் பிரிவு. பெரிய திருச்சபை எல்லாச் சந்தை நகரங்களிலும் தலைமைக் குருக்களை ‘நியமிக்கட்டும்’, அவர்கள் கிறித்தவர்களைத் ‘திருப்பிக் கொண்டுவர’. இரண்டிலும் ‘தா’. ஆனால் முதல் வினை ஒருமை, ஏனென்றால் நியமிப்பது திருச்சபை. இரண்டாவது வினை பன்மை, ஏனென்றால் திருப்பிக் கொண்டுவருவது குருக்கள். நியமனத்துக்குப் பின்னால், நியமிக்கப்பட்டவர் செய்யவேண்டிய வேலையே எழுவாய் மாறி வருகிறது. இது நோக்கம் என்று ஆசிரியையும் குறித்திருந்தார்.

ஸ்லாவிய மொழிகளின் பழைய வடிவம் இதற்குப் பின்னணியாக இருக்கிறது. பழைய திருச்சபை ஸ்லாவியத்தில் போதல், வருதல், அனுப்புதல் போன்ற வினைகளுக்குப் பின் நோக்கத்தைச் சொல்லவே தனி எச்ச வடிவம் ஒன்று இருந்தது. நற்செய்தி மொழிபெயர்ப்பில் பேதுரு ‘மீன் பிடிக்கப் போகிறேன்’ என்று சொல்லுமிடத்தில் அதைப் பார்க்கலாம். ஸ்லோவேனியம் இன்றும் அதை வைத்திருக்கிறது. செர்பியம் இழந்துவிட்டது, அந்த இடத்தில் ‘தா’ வந்து உட்கார்ந்தது. ஆகவே ஆளை ஓரிடத்துக்கு அனுப்பும் வினைக்குப் பின் வரும் ‘தா’வை நோக்கம் என்று கொள்வதற்கு மொழி வரலாற்றிலும் ஆதாரம் உண்டு.

இதைப் பார்த்து, எழுவாய் மாறினால் நோக்கம் என்று ஒரு விதியை எழுதி வைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

123ஆம் பிரிவு: காடு

வேலை நின்ற இடம் 123ஆம் பிரிவு. தலைப்பே ‘சாசர்களைப் பற்றி’ என்பதுதான். சாசர்கள் என்றால் ஜெர்மன் நாட்டிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர்கள். 13ஆம் நூற்றாண்டின் நடுவில் பிர்ஸ்கோவோ பக்கம் வந்தவர்கள், பிறகு ருத்னிக், நோவோ பிர்தோ என்று வெள்ளியும் ஈயமும் கிடைத்த இடமெல்லாம் பரவினார்கள். தாதுவை உருக்கக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும். மரத்தை வெட்டினார்கள், வெட்டிய இடத்தில் உழுதார்கள், ஆட்களைக் குடியேற்றினார்கள். நிலம் தங்களுடையது என்று பிரபுக்கள் சண்டைக்கு வந்தார்கள். அரசருக்கோ வெள்ளியும் வேண்டும், காடும் வேண்டும், பிரபுக்களும் வேண்டும்.

பிரிவு சொல்வது இது. இந்த அவை கூடும்வரை வெட்டிய இடங்களைச் சாசர்கள் வைத்துக்கொள்ளலாம். ஒரு பிரபுவின் நிலத்தை அநியாயமாக எடுத்திருந்தால் அவர் வழக்காடட்டும். இனிமேல் சாசன் வெட்டாதிருக்கட்டும். வெட்டினால் அந்த நிலத்தை உழாதிருக்கட்டும், ஆட்களைக் குடியேற்றாதிருக்கட்டும். பிறகு வருகிறது அந்த வரி: ‘தா ஸ்தோயி புஸ்தா, தா ரஸ்தே கோரா.’ நிலம் வெறுமையாக நிற்கட்டும். அடுத்தது, காடு வளரட்டும் என்பதா, காடு வளர என்பதா? பிரிவின் முடிவில், சந்தை நகருக்குத் தேவையான அளவு மரத்தைச் சாசனுக்கு யாரும் தடுக்கக் கூடாது என்ற வரியும் இருக்கிறது.

‘கோரா’ என்ற சொல்லை அகராதியில் பார்த்தபோது ‘மலை’ என்று இருந்தது. கொஞ்ச நேரம் ‘மலை வளரட்டும்’ என்று வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தேன். பழைய வழக்கில் அது காடும்தான் என்று ஆசிரியை திருத்தினார்.

மாணவர் இதை நோக்கம் என்று குறித்திருந்தார், ஆசிரியை ஆணை என்று. இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை. நோக்கம் என்றால் ஆணை ஒன்றுதான்: நிலத்தைத் தரிசாக விடு. காடு வளர்வது அதற்குச் சொல்லும் காரணம். யாராவது உழாமல், குடியேற்றாமல் ஆட்டை மட்டும் மேயவிட்டுக் கன்றுகளை அழித்தால், அவர் இந்த வரியை மீறவில்லை. நோக்கத்தைத்தான் கெடுத்திருக்கிறார். ஆணை என்றால் கதை வேறு. காடு வளர விடுவதும் கட்டளையாகிறது, மேயவிட்டவரும் குற்றவாளி. ஆடு என் எடுத்துக்காட்டுதான், பிரிவில் ஆடு இல்லை. ஆனால் மாணவருக்கு எங்கே இடிக்கிறது என்பதை இந்த ஆடுதான் எங்களுக்குப் புரிய வைத்தது.

உடைந்த சோதனைகள்

என் எழுவாய் விதியைப் போட்டுப் பார்த்தோம். நிலம் நிற்கிறது, காடு வளர்கிறது. எழுவாய் மாறுகிறது, ஆகவே நோக்கம். ஆனால் முன் வரியில் சாசன் உழாதிருக்கட்டும், நிலம் நிற்கட்டும் என்றும் எழுவாய் மாறுகிறது. அதை யாரும் நோக்கம் என்று சொல்லவில்லை. விதி அங்கேயே விழுந்தது.

மாணவர் வேறு வழி சொன்னார். மரத்துக்கு ஆணையிட முடியாது, கேட்டு நடக்கக்கூடிய ஆளுக்குத்தான் ஆணை. வளர்வது யாருடைய செயலும் இல்லை, ஆகவே அது ஆணையாக இருக்க முடியாது. கேட்டவுடன் சரி என்று பட்டது. ஆசிரியை ஒரே கேள்விதான் கேட்டார்: நிலத்துக்கு மட்டும் காது இருக்கிறதா? ‘நிலம் வெறுமையாக நிற்கட்டும்’ என்பதை ஆணை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம், நிலமும் கேட்டு நடக்காது. பழைய சட்ட மொழி பொருளை எழுவாயாக்கி மனிதருக்கு ஆணையிடும். அந்தச் சோதனையும் போயிற்று.

அப்புறம் ஆசிரியை 1189ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்றை எடுத்துப் போட்டார். போஸ்னியாவின் ஆட்சியாளர் பான் குலின் துப்ரொவ்னிக் நகரத்தாருக்கு எழுதிக் கொடுத்த உறுதிமொழி அது. சத்தியம் செய்கிறேன் என்று தொடங்கி, உண்மை நண்பனாக ‘இருக்க’, நேர்மையான சமாதானம் ‘காக்க’ என்று எச்ச வினைகளாகவே போகிறது. நடுவில் ஒரு வரி மட்டும் ‘தா’வுக்கு மாறுகிறது: என் அதிகாரிகளால் அவர்களுக்கு வன்முறை நேராதிருக்கட்டும். இது யாருக்கும் நேரடியாக இட்ட ஆணை இல்லை. எழுதுபவரே தன் ஆட்களின் சார்பில் கொடுக்கும் வாக்கு. எதற்காக என்று கேட்டால் நோக்கம்போலவும் இருக்கும். ‘இப்படி ஒரு நிலை உண்டாகட்டும்’ என்று சொல்வதுதான் ‘தா’வின் அடி வேலை, அந்த நிலையை யார் உண்டாக்குவது, எதற்காக என்பதெல்லாம் வாக்கியத்தின் மற்றப் பகுதியிலிருந்து வருகிறது என்பது அவர் கட்சி.

அங்கே எனக்குச் சொந்த மொழி கை கொடுத்தது. ‘காடு வளரட்டும் என்று நிலத்தைச் சும்மா போட்டிருக்கிறார்கள்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். ‘வளரட்டும்’ தனியாக நின்றால் ஆணையோ விருப்பமோ, ‘என்று’ சேர்ந்தால் நோக்கம். பழைய இலக்கணத்தில் இது இன்னும் நெருக்கம். தொல்காப்பியம் எண்ணும் வினையெச்ச வாய்பாடுகளில் ‘செய்யியர்’, ‘செய்யிய’ இரண்டும் உண்டு. ‘உண்ணிய வந்தான்’ என்றால் உண்ண வேண்டி வந்தான், சுத்தமான நோக்கம். அதே ‘இய’, ‘இயர்’ ஈறு ‘வாழிய’, ‘வாழியர்’ என்று வரும்போது வியங்கோள். ஒரே ஈறு இரண்டு இடத்திலும் உட்கார்ந்திருக்கிறது, எது எது என்பதை வாக்கியம் முடியும் இடம்தான் காட்டும். இதைச் சொன்னதும் ஆசிரியை எழுதிக்கொண்டார். இதனால் 123ஆம் பிரிவு தீர்ந்துவிடவில்லை. ஒரு வடிவம் இரண்டையும் செய்வது விநோதமான விதிவிலக்கு அல்ல என்ற தைரியம் மட்டும் வந்தது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு, பாடத்திலிருந்து எல்லா நிறுத்தற்குறிகளையும் நீக்கிவிட்டு இரண்டாம் சுற்றைத் தொடங்குவது. மாணவர் தயங்கினார். படிக்கச் சிரமம் என்றார். சிரமப்பட்டுப் படித்தால் காற்புள்ளி இத்தனை நாள் எவ்வளவு வேலை பார்த்தது என்று தெரியும் என்று வற்புறுத்தினோம்.

இரண்டாவது, ‘தீராதது’ என்று நான்காவது குறி ஒன்றைச் சேர்ப்பது. முதலில் நான் எதிர்த்தேன். சோம்பலுக்குக் கதவு திறந்ததுபோல் ஆகிவிடும், யோசிக்க வேண்டிய இடத்தில் எல்லாம் அதையே போடுவார்கள் என்பது என் பயம். அதனால் ஒரு நிபந்தனை வைத்தோம். அந்தக் குறியை இடுகிறவர், ஆணை என்று படித்தால் யார் எதை மீறியவர் ஆகிறார், நோக்கம் என்று படித்தால் யார் ஆகிறார் என்று ஒரு வரி எழுத வேண்டும். இரண்டும் ஒன்றாகவே வந்தால் ‘ஆணை’ என்று போட்டுவிட்டு நகரலாம், ஏனென்றால் இந்த நூலில் அதுதான் இயல்பான வேலை. இந்த நிபந்தனையால் வெறும் இலக்கண ஐயங்கள் பெரும்பாலும் உதிர்ந்தன. சட்டத்தில் வித்தியாசம் தரும் இடங்கள் மட்டும் மிஞ்சின.

மூன்றாவது, இணைப்புச் சொல்லைக் கவனிப்பது. 123இல் ‘உழாதிருக்கட்டும்’ என்பதற்கும் ‘ஆட்களைக் குடியேற்றாதிருக்கட்டும்’ என்பதற்கும் இடையில் ‘உம்’ பொருளில் ‘இ’ என்ற சொல் வருகிறது. ‘காடு வளர’ என்பதன் முன்னால் அது இல்லை. அடுக்கிய ஆணைகளைச் சேர்க்கும் இடத்தில் சேர்த்தவர், இங்கே சேர்க்காமல் விட்டிருக்கிறார். இது நிரூபணம் இல்லை, இணைப்பில்லாமல் வரும் ஆணைகளும் நூலில் உண்டு. ஆனால் அதே பிரிவுக்குள், அடுத்தடுத்து வரும் வரிகளில் இந்த வேறுபாடு இருப்பது சும்மா தள்ளக்கூடியதும் இல்லை. கடைசியில் 123ஐ ‘நோக்கம்’ என்று குறித்து, ஆணை என்றும் படிக்க இடம் உண்டு என்று பக்கத்தில் எழுதினோம். ஆசிரியை சம்மதித்தார். முழு மனதோடு என்று சொல்ல முடியாது.

கிரேக்க மூலத்தைப் பார்த்துத் தீர்மானிக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. புனித சாவாவின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு போன்றவை கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்த்தவை, அவற்றின் ‘தா’வுக்கு எதிரே கிரேக்கச் சொல்லை வைத்துப் பார்க்கலாம். துஷான் சட்டத்துக்கு அப்படி வரிக்கு வரி ஒத்த கிரேக்க மூலம் இல்லை. இன்னொன்று, பிசாந்திய ஆவணங்களில் கிரேக்கத்தின் நோக்கச் சொல்லான ‘ஹினா’வே நோக்கத்தை விட்டு ஆணைக்கு வந்துவிட்டது. மங்கலான கண்ணாடியைத் துடைக்க மங்கலான இன்னொரு கண்ணாடி. அந்த யோசனையைக் கைவிட்டோம்.

139ஆம் பிரிவு: நாங்கள் செய்த பிழை

இரண்டாம் சுற்றில் இருவரின் குறிகளும் நன்றாகவே நெருங்கி வந்தன. அதில் வந்த மிதப்பில் ஓர் இடத்தைத் தவறாக விட்டோம்.

139ஆம் பிரிவு ‘மெரொபாக்’ எனப்படும் குடியானவனைப் பற்றியது. எழுதிய சட்டத்துக்கு மேல் எஜமான் அவனிடம் எதுவும் வாங்கக் கூடாது. வாங்கினால் அவன் எஜமான்மீது மட்டுமல்ல, பேரரசர்மீதும் பேரரசிமீதும் திருச்சபைமீதும்கூட வழக்காடலாம். அவன் வென்றால், பேரரசின் நீதிபதி பிணை வாங்கி உறுதி செய்யட்டும், ‘காகோ தா’ எஜமான் எல்லாவற்றையும் குறித்த நாளில் குடியானவனுக்குக் கொடுக்க. பின்னால் எஜமான் அவனுக்குத் தீங்கு செய்ய அனுமதி இல்லை.

‘காகோ’ என்றால் ‘எப்படி’. ‘காகோ தா’ என்று சேர்ந்து வந்ததும் இருவருமே கண்ணை மூடிக்கொண்டு ‘நோக்கம்’ என்று போட்டார்கள். நானும் இருவரும் ஒத்துப்போகிறார்கள் என்று பச்சை நிறம் அடித்துவிட்டேன். காரணம் சிரிப்பாக இருக்கும்: இன்றைய நோக்கச் சொல் ‘காகோ பி’யோடு அது ஒத்து ஒலித்தது. எந்தச் சோதனையை வேண்டாம் என்று தள்ளினோமோ, அதுவே பின்வாசல் வழியாக வந்துவிட்டது.

பிழையைக் கண்டது மாணவர்தான், வகுப்பில் ஒரு கேள்வி வந்த பிறகு. நீதிபதி பிணை வாங்கினார், இருந்தும் எஜமான் கொடுக்கவில்லை. நீதிபதி தன் கடமையை முடித்தவரா? நோக்கம் என்று படித்தால், ஆம். பிணை வாங்குவதே கடமை, பணம் வந்து சேர்வது அதன் குறிக்கோள். உள்ளடக்கம் என்று படித்தால், ‘எஜமான் கொடுப்பார் என்பதை’ அவர் உறுதி செய்ய வேண்டும், கொடுக்காவிட்டால் அவர் கடமை இன்னும் முடியவில்லை. குடியானவனுக்கு இரண்டுக்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

‘உறுதி செய்’ என்பது தனக்கு ஓர் உள்ளடக்கத்தைக் கேட்கும் வினை, எதை உறுதி செய்ய என்ற கேள்வி அதிலேயே இருக்கிறது. ‘நியமி’, ‘அனுப்பு’ போன்றவை அப்படி இல்லை. இதை வைத்து ‘உள்ளடக்கம்’ என்று மாற்ற ஆசிரியை விரும்பினார். ‘பிணை வாங்கு’ என்ற பொருளில் அந்த வினை தானே முழுமையாக நிற்கும் என்று மாணவர் வாதாடினார். இந்த முறை ‘தீராதது’ குறி தன் இடத்தைப் பிடித்தது, இரண்டு வரி விளக்கத்தோடு.

பின்னர் நடந்தது

குறியிட்ட பிரிவுகள் மாணவரின் வகுப்பில் ஒரு பருவம் முழுக்கப் பயன்பட்டன. ‘நோக்கம்’ என்ற குறியை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் கைக்கு வருபவை குறைவு. சட்டம் தன் காரணத்தைச் சொல்லும் இடங்களைத் திரட்ட வேண்டும் என்ற மாணவரின் முதல் ஆசைக்கு அது ஏமாற்றம்தான். மாறாக ‘தீராதது’ பட்டியல்தான் வகுப்பில் அதிகம் பேசப்பட்டது. சட்டம் படிப்பவர்கள் மொழி விவாதத்தில் இவ்வளவு நேரம் உட்காருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. யார் மீறியவர் என்ற அந்த ஒரு வரி இல்லாமல் வெறும் இலக்கணக் குறியாகப் போயிருந்தால் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

ஒரு மாணவி, 1844ஆம் ஆண்டின் செர்பிய உரிமையியல் சட்டத்தை எடுத்து இதே வேலையைச் செய்யலாமே என்று கேட்டார். யொவான் ஹாஜிச் அதை 1811ஆம் ஆண்டின் ஆஸ்திரியச் சட்டத்தை முன்மாதிரியாக வைத்து எழுதினார். ஜெர்மனில் நோக்கத்துக்கு ஒரு சொல், உள்ளடக்கத்துக்கு வேறு சொல் என்பதால், ஐயம் வரும் இடத்தில் மூலத்தைத் திருப்பிப் பார்த்துவிடலாம். அந்த வேலை அவரிடம் இருக்கிறது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மறுபடி தொடங்கினால் காற்புள்ளி இல்லாத பாடத்திலிருந்தே தொடங்குவேன். முதல் சுற்றின் நேரம் ஏறத்தாழ முழுவதும் வீண்.

ஒரே ஒரு பதிப்பை வைத்துக்கொண்டது வசதிக்காகச் செய்தது. எல்லா ‘தா’வுக்கும் படிகளை ஒப்பிட எங்களால் முடியாது. ஆனால் ‘தீராதது’ என்று நின்ற சில இடங்களுக்காவது ஒப்பிட்டிருக்கலாம். படியெடுப்பவர் அதிகம் யோசிக்காமல் மாற்றுவது ‘இ’, ‘தா’, ‘காகோ’ போன்ற சிறு சொற்களைத்தான். 123இல் நாங்கள் சாய்ந்து நின்றதே ஓர் ‘இ’ இல்லை என்பதன்மேல். வேறொரு படியில் அது இருந்தால் எங்கள் வாதத்தில் பாதி போய்விடும்.

இருவரும் ஒத்துப்போன இடங்களையும் அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும். என் கோப்பில் பச்சை நிறம் அடித்த வரிகளை யாரும் மறுபடி படிக்கவில்லை. 139 அங்கேதான் ஒளிந்திருந்தது.

வகுப்புக்காக 123ஐ இன்றைய செர்பியத்தில் எழுதியபோது, கடைசித் தொடரைக் ‘காகோ பி’ என்று மாற்றலாமா என்று மாணவர் கேட்டார். ஆசிரியை பென்சிலால் அதை அடித்துவிட்டு, மூலத்தில் இருந்தபடியே ‘தா’வை எழுதினார், முன்னால் காற்புள்ளி போடாமல்.